வராத வரவு: கலை செய்பவரின் வீட்டாருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள வீட்டாருக்கு,

வணக்கம். உங்கள் வீட்டில் ஒருவர் எழுதுகிறார், அல்லது வரைகிறார், பாடுகிறார், களிமண்ணைப் பிசைந்து ஏதோ உருவம் செய்கிறார். அதில் ஒரு காசு வரவில்லை. இனி வரும் என்பதற்கும் அறிகுறி இல்லை. நீங்கள் அவருடைய கணவர், மனைவி, அம்மா, அப்பா, மாமியார், அண்ணன், வளர்ந்த பிள்ளை, யாராகவும் இருக்கலாம். அந்த அறையைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஒரு கேள்வி உங்கள் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. சில நாள் கேட்டுவிடுகிறீர்கள். பல நாள் விழுங்கிவிடுகிறீர்கள். நீங்கள் விழுங்கியதும் எங்களுக்குக் கேட்டுவிடுகிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கலைக்கு ஆதரவு வேண்டும் என்று அரசுக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். அறக்கட்டளைகளுக்கு எழுதுபவர்கள் இருக்கிறார்கள். எழுதட்டும், எழுத வேண்டியதுதான். ஆனால் காசு வராத கலைக்குப் பெரிய புரவலர் யாரென்றால் நீங்கள்தான். வாடகையில் உங்கள் பங்கு, சமையலில் உங்கள் கை, "உள்ள வேலை நடக்குது, சத்தம் போடாதே" என்று குழந்தையை அடக்கிய உங்கள் குரல், இவ்வளவும் சேர்ந்துதான் அந்த அறையில் விளக்கு எரிகிறது. உங்களுக்கு யாரும் கடிதம் எழுதுவதில்லை. அதனால் நான் எழுதுகிறேன். நன்றி சொல்ல மட்டுமில்லை. ஒரு தப்பை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது, ஒன்று கேட்க வேண்டியும் இருக்கிறது.

நான் பகலில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுபவள். இரவில் மரத்தில் செதுக்கிப் படம் அச்சிடுபவள். பதினோரு வருடமாக இப்படித்தான். தெரியாதவர்களுக்காக வேலையைச் சொல்கிறேன். படத்தை இடவலம் மாற்றிப் பலகையில் வரைந்துகொள்ள வேண்டும். தாளில் வெள்ளையாக நிற்க வேண்டிய இடத்தையெல்லாம் உளியால் தோண்டி எடுத்துவிட வேண்டும். மிச்சம் நிற்கும் மேட்டில் ரப்பர் உருளையால் மை தடவி, தாளை மேலே படுக்கவைத்து, மரக்கரண்டியின் முதுகால் தேய்க்க வேண்டும். என்னிடம் அச்சு இயந்திரம் இல்லை, கரண்டிதான். ஒரு பிரதிக்கு அரைமணி நேரம் ஆகும். பலகையைச் செதுக்க, அதன் அளவைப் பொறுத்து, மூன்று மாதம்கூட ஆகும். உளி ஒரு நூலிழை தவறினால் அந்தக் கோடு போனது போனதுதான். ஒட்டவைக்க முடியாது.

இந்தப் பதினோரு வருடமாக நான் ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். தொழில் புத்தி. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. செலவுப் பக்கம் நிறைந்துகொண்டே போனது: பலகை, மை, தாள், உளி, சாணைக்கல், கண்காட்சிக்கு அனுப்பிய கூரியர். முதல் ஆறு வருடத்தில் வரவுப் பக்கத்தில் மூன்று பதிவு. மூன்றும் தெரிந்தவர்கள் வாங்கியவை. ஒருநாள் அந்த வெற்றுப் பக்கத்தைப் பார்க்கச் சகிக்காமல், பென்சிலால் கீழே எழுதினேன்: "எதிர்பார்க்கும் வரவு". பக்கத்தில் ஒரு தொகையும் போட்டேன்.

அலுவலகத்தில் இப்படி ஒரு பதிவை யாராவது என் மேசைக்குக் கொண்டுவந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். எதைக் காட்டி இதை எழுதினீர்கள், ஒப்பந்தம் இருக்கிறதா, ஆணை இருக்கிறதா என்று கேட்பேன். வராத வரவைப் புத்தகத்தில் ஏற்றுவது எங்கள் தொழிலில் சின்னத் தப்பு இல்லை. அதை நம்பி வேறொருவர் முடிவெடுப்பார் என்பதால்தான் அது பெரிய தப்பு. வீட்டில் நான் அதைத்தான் செய்தேன். நோட்டில் எழுதியதோடு நிற்காமல் வாயாலும் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருஷம். அப்புறம் இதுலயே வந்துடும்."

என் கணவர் அதை நம்பினார். என்னை மடக்கிக் கேள்வி கேட்பவர் இல்லை அவர். நான் சொன்ன தேதியை மனதில் வைத்துக்கொண்டு, வீட்டுக் கடனுக்கும் பிள்ளையின் படிப்புக்கும் தன் கணக்கை அதற்குத் தகுந்தபடி போட்டுக்கொண்டார். அவருடைய அம்மாவிடமும் சொல்லியிருக்கிறார், "ரெண்டு வருஷத்துல சரியாயிடும்மா" என்று. நோயாளியைப் பற்றிச் சொல்வதுபோல. அந்த வார்த்தையை அவருக்குக் கொடுத்தது நான்தான்.

அந்த இரண்டு வருடம் முடிகிற சமயத்தில் ஒரு நிறுவனம் தன் அரங்கச் சுவரில் மாட்ட என் படங்கள் 12-ஐக் கேட்டது. பணம் கிடையாது, ஆனால் நாலு பேர் பார்ப்பார்கள், பெயர் பரவும் என்றார்கள். என் கணவர் விடுப்புப் போட்டு, சட்டகங்களைத் துணியில் சுற்றி, தானே தூக்கிக்கொண்டு வந்து கொடுத்தார். நாலு மாதம் கழித்துத் திருப்பி வாங்கப் போனபோது இரண்டு படங்களில் ஈரக்கறை ஏறியிருந்தது. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை சொல்ல அங்கே ஆளில்லை. திரும்பி வரும் வழியெல்லாம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. கறை படிந்த இரண்டையும் தன் மடியிலேயே வைத்திருந்தார். அன்றைக்குத்தான் நான் அவரிடம் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பது எனக்கு விளங்கியது. காசு வராதது குற்றமில்லை. வரும் என்று சொல்லிச் சொல்லி அவரைக் காத்திருக்க வைத்தேனே, அதுதான் குற்றம்.

உங்கள் வீட்டில் இருப்பவரும் இதைச் சொல்லியிருப்பார். கூடவே ஒரு பெயரையும் சொல்லியிருப்பார்: வான்கோ. "அவர் படமும்தான் விற்கலை, இப்ப பாருங்க!" நானும் சொல்லியிருக்கிறேன், ஒரு முறை இல்லை. இப்போது அந்தக் கதையை முழுதாகப் படித்த பிறகு சொல்ல நா கூசுகிறது. அதில் எங்களுக்குச் சாதகமானது குறைவு. உங்களைப் பற்றியது அதிகம்.

வின்சென்ட் வான்கோவின் தம்பி தியோ பாரீஸில் ஓவிய வணிக நிறுவனத்தில் வேலை பார்த்தவர். அண்ணனுக்கு வருடக்கணக்காக மாதாமாதம் பணம் அனுப்பியவர் அவர். அந்தப் பணத்தை வாங்கிக்கொண்டிருப்பது வின்சென்ட்டுக்கு முள்ளாகக் குத்தியது. 1884-ல் அவரே ஓர் ஏற்பாடு சொன்னார்: நீ அனுப்புவதை உதவியாக எண்ண வேண்டாம், நான் அனுப்பும் படங்களுக்கான விலையாக வைத்துக்கொள்வோம் என்று. தன் நோட்டில் வரவுப் பக்கத்தை நிரப்ப அவரும்தான் பாடுபட்டிருக்கிறார். 1888-ல் தம்பிக்கு எழுதிய கடிதம் ஒன்றில், படங்கள் விற்காததற்குத் தன்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை என்றும், சாயத்துக்கு ஆன செலவைவிட அவை மதிப்புள்ளவை என்று மக்கள் உணரும் நாள் வரும் என்றும் எழுதுகிறார். அவருடைய "எதிர்பார்க்கும் வரவு" அது. 1890-ன் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் அவருடைய திராட்சைத் தோட்ட ஓவியம் ஒன்றை அன்னா போஹ் என்ற ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். அதே வருடம் ஜூலை 29-ல் வின்சென்ட் இறந்தார். ஆறு மாதத்தில் தியோவும் போய்விட்டார்.

எங்களில் பலர் கதையை இங்கே நிறுத்தி, பிறகு உலகம் கண்திறந்தது என்று முடித்துவிடுவோம். உலகம் தானாகக் கண்திறக்கவில்லை. தியோவின் மனைவி யோஹன்னா, கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையாதவர், ஒரு வயது தொடாத கைக்குழந்தையோடு நின்றார். கையில் நூற்றுக்கணக்கான படங்கள், கட்டுக்கட்டாகக் கடிதங்கள். வாங்க ஆளில்லை. அவர் நெதர்லாந்துக்குத் திரும்பி, பூசம் என்ற ஊரில் தங்கும் விடுதி நடத்திக் குழந்தையை வளர்த்தார். விருந்தாளிகளுக்கு அறை ஒழுங்கு செய்த கையோடு அந்தக் கடிதங்களைப் படித்து வரிசைப்படுத்தினார். 1905-ல் ஆம்ஸ்டர்டாமில் 480-க்கும் மேற்பட்ட படங்களோடு கண்காட்சி வைத்தார். 1914-ல் கடிதங்களைப் பதிப்பித்தார். 1925-ல் இறக்கும்வரை அந்த வேலையை விடவில்லை. 34 வருட உழைப்பு!

யோஹன்னா உங்கள் பக்கத்து ஆள். வீட்டார். வான்கோ பெயரைச் சொல்லி எங்களில் ஒருவர் உங்களிடம் பொறுமை கேட்டால், அவர் உண்மையில் கேட்பது ஒரு தியோவை, அவருக்குப் பின்னால் ஒரு யோஹன்னாவை. அது சின்னக் கோரிக்கை இல்லை. அதைப் பெரிய ஓவியரின் நிழலில் ஒளித்துவைத்துக் கேட்கக் கூடாது. கேட்பதானால் வெளிப்படையாகக் கேட்க வேண்டும்.

ஆகையால் நான் அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிட்டேன். அழித்துவிட்டு என் கணவரிடம் போய் உட்கார்ந்தேன். "இதுல காசு வராதுங்க. எப்பவாவது ரெண்டு படம் விற்கும், மையும் தாளும் வாங்க ஆகும். நான் சொன்ன ரெண்டு வருஷம் பொய். தெரிஞ்சு சொன்ன பொய் இல்லை. ஆனா பொய்தான்." அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுச் சொன்னார்: "இதை அப்பவே சொல்லியிருந்தா நான் தேதி பார்த்துக்கிட்டு இருந்திருக்க மாட்டேனே." கோபம் இருந்தது. நியாயமான கோபம். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் கடன் தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு என் வருமானம் அலுவலகச் சம்பளம் மட்டும்தான் என்று வைத்துக் கணக்கைப் புதிதாகப் போட்டோம். எங்கள் வீட்டில் இந்த விஷயத்தில் மெய்யான கணக்கு அன்றுதான் முதன்முதலாக எழுதப்பட்டது.

நல்ல வேலைக்குக் காசு வராமல் இருக்குமா, தரம் போதவில்லையோ என்று உங்களுக்குத் தோன்றலாம். சிலருக்கு அதுவும் காரணமாக இருக்கும். என் வேலையில் எனக்கே குறைகள் தெரியும். ஆனால் பெரிய காரணம் வேறு. 1966-ல் வில்லியம் பௌமால், வில்லியம் போவன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் இதை விளக்கினார்கள். நான்கு பேர் வாசிக்க வேண்டிய ஓர் இசைக்கோவையை 200 வருடத்துக்கு முன்னும் நான்கு பேர்தான் வாசித்தார்கள், இப்போதும் நான்கு பேர்தான் வாசிக்க வேண்டும். நேரமும் அதே நேரம். அதே காலத்தில் தொழிற்சாலையில் ஒரு மணி நேரத்தில் ஓர் ஆள் செய்து முடிக்கும் பொருள் பல மடங்கு பெருகிவிட்டது. அங்கே சம்பளம் ஏறுகிறது. அதை ஒட்டி வாழ்க்கைச் செலவும் மற்றவர்கள் சம்பளமும் ஏறுகின்றன. இசைப்பவரின் ஒரு மணி நேரம் மட்டும் அதே அளவுதான் தருகிறது. வருடம் ஆக ஆக அது "கட்டுப்படியாகாத" வேலையாகிவிடுகிறது. வாசிப்பவர் சோம்பேறியாகிவிட்டார் என்று பொருளில்லை. அவர் நின்ற இடத்தில் நிற்கிறார், சுற்றியுள்ளதெல்லாம் வேகமெடுத்துவிட்டது.

என் உளிக்கும் இதே கதைதான். 400 வருடத்துக்கு முன் செதுக்கியவர் எடுத்த நேரத்தைத்தான் நானும் எடுக்கிறேன். அவசரப்பட்டால் மரம் பிளந்துவிடும்.

இதை உணர்ந்து சில அரசுகள் கைகொடுத்துப் பார்த்திருக்கின்றன. அயர்லாந்து 2022-ல் ஒரு முன்னோட்டத் திட்டம் தொடங்கி, விண்ணப்பித்த தகுதியானவர்களில் 2000 கலைஞர்களைக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து, வாரம் 325 யூரோ வீதம் மூன்று வருடத்துக்குக் கொடுத்தது. என்ன செய்து காட்டுவாய் என்று கேட்காமல் கொடுத்தது. படித்தபோது எனக்குக் கண் கலங்கியது, மறைப்பானேன். அப்படி எல்லா இடத்திலும் வர வேண்டும். வரும்வரை அந்த வாராந்தரத் தொகையை இடுபவர்கள் நீங்கள். அதனால்தான் உங்களிடம் நேராகப் பேசுகிறேன்.

சரி, காசுக்காக இல்லையென்றால் எதற்காக? இதைத்தான் நீங்கள் கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. பதில் தேடி நான் நிறைய அலைந்தேன். சமுதாயத்துக்கு நல்லது, பண்பாட்டைக் காக்கிறேன், மனநலத்துக்கு மருந்து என்றெல்லாம் சொல்லிப் பார்த்தேன். எல்லாம் யாரோ எழுதிக்கொடுத்த விண்ணப்பப் படிவம்போல் இருந்தது. எனக்குத் தெரிந்த ஒரே உண்மையைச் சொல்கிறேன்.

நடுவில் எட்டு மாதம் நிறுத்திவிட்டேன். கணவரிடம் உண்மையைச் சொன்ன பிறகு, இனி எந்த முகத்தோடு மேசையை அடைத்துக்கொள்வது என்று உளிகளை எண்ணெய் தடவித் துணியில் சுருட்டி மேல் அலமாரியில் வைத்தேன். வீடு சுத்தமாக இருந்தது. மரத்தூள் இல்லை, மை வாடை இல்லை. நேரத்துக்குத் தூங்கினேன். வெளியில் பார்த்தால் நல்ல மாற்றம். ஆனால் பார்ப்பது நின்றுபோய்விட்டது. கண் நன்றாகத்தான் இருந்தது. முன்பெல்லாம் பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரின் கழுத்து மடிப்பில் வெளிச்சம் எங்கே முடிகிறது, நிழல் எங்கே தொடங்குகிறது, அந்தக் கோட்டை எந்த உளியால் எடுப்பது என்று மனம் ஓடிக்கொண்டே இருக்கும். ஓடுவதே தெரியாமல் ஓடும். அது அடங்கியதும் மனிதர்கள் எனக்கு வெறும் கூட்டமானார்கள். வீட்டிலும் அப்படித்தான். என் மகள் ஒருநாள் கேட்டாள், "அம்மா, நீ என்னைப் பார்க்காமலே பதில் சொல்றே." உண்மை. அவள் முகத்தை நான் பல வாரமாகப் பார்க்கவே இல்லை.

அன்று இரவு துணிச்சுருட்டை இறக்கினேன். இதை நியாயம் என்று நீங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்கவில்லை. ஒரு மனிதர் தன் ஆட்களை ஒழுங்காகப் பார்க்க வேண்டுமானால் இரவில் மரம் செதுக்கித்தான் ஆக வேண்டும் என்பது கேட்பதற்கு விசித்திரமாகத்தான் இருக்கும். எனக்கு அப்படித்தான் அமைந்திருக்கிறது. உங்கள் வீட்டில் இருப்பவருக்கும் இதுபோல ஒன்று இருக்கும். அதைச் சொல்ல அவருக்கு வார்த்தை வராமல், "சீக்கிரம் காசு வரும்" என்று சொல்லித் தப்பித்துக்கொண்டிருப்பார்.

ஆனால் இதை வைத்துக்கொண்டு எங்களுக்கு எல்லாம் சலுகை என்று நான் சொல்ல வரவில்லை. இந்த இடத்தில் என் சக கலைஞர்கள் என்மேல் வருத்தப்பட்டாலும் பரவாயில்லை. காசைக் கேட்காதீர்கள் என்கிறேன், கணக்கையே கேட்காதீர்கள் என்று சொல்லவில்லை. எத்தனை மணி நேரம் எடுத்துக்கொள்கிறாய், அந்த நேரத்தில் யார் உன் வேலையைச் செய்கிறார், வீட்டுப் பணத்தில் எவ்வளவு போகிறது, அதற்கு எல்லை எது, இந்த நான்கையும் கேளுங்கள். பதில் சொல்லாமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் அது கலைஞரின் மென்மை இல்லை, நழுவல். ஒருவர் கவிதை எழுதுவதற்காக இன்னொருவர் பத்து வருடம் பாத்திரம் கழுவினால், அந்தப் பாத்திரமும் கவிதையின் செலவில் வர வேண்டும்.

இதில் ஆணும் பெண்ணும் ஒரே தராசில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆண் கலைஞர் அறைக்குள் போனால் வீடே அடங்குகிறது. பெண் கலைஞர், எல்லாரும் தூங்கிய பிறகு மிச்சமாகும் நேரத்தில்தான் உட்காருகிறாள். அந்த மிச்ச நேரத்துக்கும் அவளிடம் கணக்குக் கேட்கப்படுகிறது. தொலைக்காட்சி முன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் யாரும் ஏனென்று கேட்பதில்லை. அதே இரண்டு மணி நேரம் ஓர் உளியைக் கையில் எடுத்தால் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று வந்துவிடுகிறது. ஓய்வு என்றால் மன்னிக்கிறீர்கள். உழைப்பு என்றால் கூலி எங்கே என்கிறீர்கள். கூலியில்லாத உழைப்புதானே உங்கள் வீட்டையே நடத்துகிறது? அம்மாவின் சமையலுக்கு யார் ரசீது போட்டது?

எழுத்தாளர் காஃப்காவின் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன். பிராகில், தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. காலை எட்டிலிருந்து மதியம் இரண்டுவரை. இரவில் எழுதுவார். 1911-ல் குடும்பம் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலையில் பணம் போட்டது. மதிய நேரத்தில் அதையும் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அப்பாவின் கட்டளை. 1912 செப்டம்பரில் ஒரே இரவில் உட்கார்ந்து ஒரு கதையை முடித்து, தன்னால் எழுத முடியும் என்று கண்டுகொண்ட காஃப்காவுக்கு, அடுத்த இரண்டு வாரத்திலேயே தொழிற்சாலைக்குப் போகவில்லை என்று வீட்டில் கண்டனம். அவர் பக்கமே நிற்கும் தங்கைகூட அன்று எதிர்ப்பக்கம் நின்றாள். உயிரையே விட்டுவிடலாமா என்ற எண்ணம் வந்ததாக நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதினார். பிராட் பதறிப்போய், காஃப்காவுக்குத் தெரியாமல், அவருடைய அம்மாவுக்குத் தகவல் எழுதினார்.

அந்த அம்மாவுக்கு மகன் எழுதுவது விளங்கியதாகச் சொல்ல முடியாது. கணவரோ உடல்நலம் கெட்டவர், கோபக்காரர். அம்மா ஒரு வழி கண்டுபிடித்தார்: மகன் இனித் தொழிற்சாலைக்குப் போக வேண்டாம், அப்பாவிடம் அவன் போய்க்கொண்டிருப்பதாக நான் சொல்லிக்கொள்கிறேன், வேறு ஆள் பார்ப்போம் என்று பிராடுக்குப் பதில் எழுதினார். இலக்கியம் பற்றி அவர் அதில் விவாதம் எதுவும் செய்யவில்லை. நியாயப்படுத்து, பிறகு விடுகிறேன் என்று மகனிடம் நிபந்தனை வைக்கவும் இல்லை. மதியத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கப் பார்த்தார். எனக்கு அந்த அம்மாவைப் பற்றி இவ்வளவுதான் தெரிந்தாலும் போதும்.

இனி, நான் கேட்க வந்தது.

ஒரு படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியார் ஊசியில் நூல் கோக்கும் கை. அவருக்குக் கண் மங்கிவிட்டது. நூல் நுனியை எச்சில் தொட்டு, ஊசியை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கி, மூச்சை அடக்கிக்கொள்வார். அந்த மூச்சடக்கும் நொடியைச் செதுக்க வேண்டும் என்று ஆசை. பாதி வேலையில் என் கணவர் வந்து பார்த்து, மனசார மகிழ்ந்து, "இதை எவ்வளவுக்குக் கொடுக்கலாம்?" என்றார். அன்பால் கேட்டதுதான். நானும் ஒரு தொகை சொன்னேன். அவர் போன பிறகு உளியை எடுத்தால் கை முன்போல் ஓடவில்லை. கட்டைவிரல் நகத்தில் நெருக்கமாகப் பன்னிரண்டு கோடு போட வேண்டும் என்று குறித்து வைத்திருந்தேன். இந்த விலைக்கு எட்டுப் போதும் என்று தோன்றியது. எட்டுப் போட்டேன். இன்றைக்கும் அந்தப் படத்தில் அந்த நகம் மட்டும் செத்துக் கிடக்கிறது. மற்றவர் கண்ணுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

சங்கப் புலவர் பெருஞ்சித்திரனார், அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிப் போனார். மன்னன் அவரை நேரில் காணாமல், இதை வாங்கிக்கொண்டு போகட்டும் என்று பொருளை உள்ளிருந்து கொடுத்தனுப்பினான். புலவர் வாங்கவில்லை. காணாமல் கொடுத்ததை வாங்கிப்போக நான் வாணிகப் பரிசிலன் இல்லை, வியாபாரிபோலப் பொருளுக்காக மட்டும் வந்தவன் இல்லை. என் தகுதி அறிந்து கொடுத்தால் தினையளவு ஆனாலும் எனக்கு இனிது என்றார். இவர் வசதியாக இருந்தவர் என்று எண்ணிவிடாதீர்கள். தன் வீட்டில் பால் வற்றிய முலையைச் சுவைத்துப் பார்த்து அழும் குழந்தையைப் பாடியதும் இதே புலவர்தான். அந்தப் பசியோடு போய் நின்றவருக்கும் முதலில் வேண்டியிருந்தது பார்வை. பொருள் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. என்னைப் பார், பிறகு கொடு என்கிறார்.

எங்களுக்கும் அவ்வளவுதான். பெரிய பாராட்டு வேண்டாம். "சூப்பர்" என்று சொல்லிவிட்டுப் போனை எடுத்துக்கொள்வதைவிட, பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு இன்னும் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். இந்த இடம் ஏன் இருட்டாக இருக்கிறது, இந்த வரியில் யார் பேசுகிறார், இந்தச் சுரத்தில் ஏன் நிற்கிறாய் என்று கேளுங்கள். விலையைப் பிறகு பேசுவோம், பேச வேண்டி வந்தால்.

பார்க்கப்படாமலே வேலை செய்தவர்கள் உண்டு. விவியன் மேயர் சுமார் 40 வருடம் அடுத்தவர் வீடுகளில் குழந்தை பார்க்கும் வேலை செய்துகொண்டே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட புகைப்படங்கள் எடுத்தார். பல சுருள்களைக் கழுவிக்கூடப் பார்க்கவில்லை. சேமிப்புக் கிடங்குக்கு வாடகை கட்டாததால் 2007-ல் சிகாகோவில் அவருடைய பெட்டிகள் ஏலம் போயின. 2009-ல் அவர் இறந்த பிறகுதான் உலகம் அவர் பெயரைச் சொல்லத் தொடங்கியது. இந்தக் கதையை எல்லாரும் அதிசயமாகச் சொல்கிறார்கள். எனக்கு அந்தக் கழுவாத சுருள்கள்தான் நினைவில் நிற்கின்றன. பக்கத்து அறையில் இருந்த யாராவது ஒருவர், "என்ன எடுத்தீங்க இன்னிக்கு? காட்டுங்களேன்" என்று ஒரே ஒரு நாள் கேட்டிருந்தால், அவர் காட்டியிருப்பாரோ மாட்டாரோ. கேட்டிருக்கலாம்.

என் வீட்டில் இப்போது எழுதாத ஓர் ஏற்பாடு இருக்கிறது. வாரத்தில் நான்கு இரவு மேசை எனக்கு. மற்ற மூன்றும் வீட்டுக்கு. பொருள் வாங்க மாதம் ஒரு தொகை. அதைத் தாண்டினால் அடுத்த மாதம் வரை காத்திருப்பேன். அந்த நான்கு இரவும் பாத்திரம் அவருடையது, மற்ற இரவுகளில் அது என்னுடையது. நோட்டு இன்னும் இருக்கிறது. செலவுப் பக்கத்தை ஒழுங்காக எழுதுகிறேன். வரவுப் பக்கத்தில் இந்த வருடம் இதுவரை ஒன்றுமில்லை. அதைத் திறந்து வைத்திருக்கிறேன், யாரும் பார்க்கலாம்.

ஊசி கோக்கும் கையை மறுபடி செதுக்கியிருக்கிறேன், புதுப் பலகையில், பன்னிரண்டு கோட்டோடு. சென்ற சனிக்கிழமை முதல் பிரதி எடுத்தேன். தாள் பெரியது. மையிலிருந்து அதைப் பிரித்தெடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒரு பக்கம் இழுபட்டால் கோடெல்லாம் ஈஷிக்கொள்ளும். கணவர் வெளியே போயிருந்தார். மாமியாரைக் கூப்பிட்டேன். இதனால் என்ன லாபம் என்று பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் அவர்தான். முனகிக்கொண்டே வந்தார். கையைத் துடைத்துக்கொண்டு எதிர்முனை இரண்டையும் பிடித்தார்.

"மெதுவா," என்றார் எனக்கு. நான் சொல்ல நினைத்தது அது.

தாள் சின்னதாகச் சத்தம் போட்டுக்கொண்டு மேலே வந்தது. அவர் குனிந்து, மங்கிய கண்ணை இடுக்கிக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். "இது என் கை இல்லே," என்றார். பிறகு, "நான் வலது கையிலதானே நூல் பிடிப்பேன்? இதுல இடதுல இருக்கே."

பலகையில் இடவலம் மாற்றி வரைய மறந்துவிட்டேன். மூன்று மாத வேலையில் நான் காணாததை அவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்தார். அடுத்த பலகைக்கு மரம் வாங்க வேண்டும். அதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்களில் ஒருவர் வீட்டில் இருப்பவரைப் போன்ற ஒருத்தி